தம்பியோடு பாதை ஏறிய நாட்கள்

தம்பி முதலில் விட்டது கிரிக்கெட்டை. பிறகு ரியூசனை. பிறகு முடி வெட்டுவதை. கடைசியில் குளிப்பதையும் விட்டபோதுதான் எங்களுக்கு உறைத்தது. அதற்குள் நாலு மாதம் போய்விட்டது.

அது 2022. நாடே பெட்ரோல் வரிசையிலும் கேஸ் வரிசையிலும் நின்ற வருடம். அவனுக்குப் பதினேழு வயது. சாதாரண தர (ஓ.எல்.) சோதனையில் எட்டு ஏ எடுத்தவன். அந்த எட்டு ஏ தான் அவனைக் கணிதப் பிரிவுக்குள் கொண்டுபோய் விட்டது. உனக்கு விருப்பமா என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அம்மா குவைத்தில். வீட்டில் அம்மம்மா, நான், அவன். ஊர் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையில், மண்டூர்ப் பக்கம். நான் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். காலையில் போனால் பின்னேரம்தான் வருவேன். அவன் பகல் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தது எனக்குத் தெரியாமல் போனதற்கு இதை ஒரு சாட்டாகச் சொல்லலாம். ஆனால் பாதி வெட்கம்தான். தெரிந்தும் பார்க்காமல் இருந்தேன்.

ஊருக்குக் காரணம் கண்டுபிடிக்க நேரம் எடுக்கவில்லை. ‘ஐஸ் அடிக்கிறான்’, போதைப்பொருள்தான், என்றது ஒரு பகுதி. ‘பெட்டைப் பிரச்சினை’ என்றது இன்னொரு பகுதி. அம்மா வீடியோவில் வந்து போனை உடைக்கச் சொன்னா. அம்மம்மா அவளுடைய வழியில் முடிவுக்கு வந்திருந்தாள். “ஆரோ செய்திருக்காங்க புள்ள. கழிப்புக் கழிக்கணும்.”

கழித்தோம். தேசிக்காய், நீத்துப் பூசணிக்காய், தண்ணி ஓதி முகத்தில் அடித்தது, கையில் நூல், எல்லாம் நடந்தது. இதை நான் பகிடியாக எழுதவில்லை. அன்றைக்கு ஓதிய ஐயா வெற்றிலையை மடித்துக்கொண்டே என்னைப் பார்த்து, “மகள், இதையும் செய்ங்க, ஆஸ்பத்திரிக்கும் ஒருக்காக் காட்டுங்க” என்றார். எங்களை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்ன முதல் மனிதர் அவர்தான். வீட்டில் பெரியவர்கள் நூல் கட்ட வேண்டும் என்றால் அதற்காகச் சண்டை பிடித்துப் பலனில்லை. கட்டட்டும். அந்தச் சண்டையில் போகிற கிழமைகள்தான் நட்டம். நூல் கட்டிய கையோடு கிளினிக்குப் போனால் டொக்டர் ஒன்றும் சொல்லமாட்டார்.

நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, சனல் பண்ணப் போனோம், அதாவது காசு கட்டித் தனியாரிடம் டொக்டரைப் பார்க்க. அரச கிளினிக் என்றால் ஊர்ச் சனம் பார்க்கும் என்ற பயம். மட்டக்களப்பு ரவுணில் ஒரு தனியார் இடம். இரவு எட்டரைக்கு எங்கள் நம்பர் வந்தது. ஐந்து நிமிடம். தம்பியிடம் கேட்டது இரண்டு கேள்வி, அதற்கும் பதிலை நான்தான் சொன்னேன். கையில் ஒரு பை குளிசை தந்தார்கள். என்ன வருத்தம், எந்தக் குளிசை எதற்கு, எவ்வளவு காலம், எதுவும் சொல்லவில்லை. அதைக் குடித்துவிட்டு அவன் இரண்டு நாள் நித்திரை கொண்டான். மூன்றாம் நாள் பையோடு கிணற்றடிக்குக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டான். பணம் போனது ஒரு பக்கம். ‘இதுக்கு மருந்தும் சரிவராது’ என்ற எண்ணம் அவனுக்குள் விழுந்ததுதான் பெரிய சேதம்.

ஆவணியில் மண்டூர்க் கந்தசாமி கோயில் திருவிழா. சின்னக் கதிர்காமம் என்று வெளியூர்ச் சனமெல்லாம் வந்து குவியும். சின்ன வயதிலிருந்து ஒரு நாளும் தவறாமல் போகிறவன் அந்த முறை போகவில்லை. அன்றிரவு நான் திரும்பி வந்து சோறு போட்டுக் கொடுத்தபோது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “அக்கா, நான் இல்லாட்டி உங்களுக்கெல்லாம் நிம்மதிதானே.”

அந்த இரவுதான் 1926க்கு எடுத்தேன். அங்கொடையில் இருக்கிற தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், இரவும் பகலும் இருக்கும். இந்த இலக்கத்தை ஒரு சுவரொட்டியில் பார்த்து, ஒரு நாளும் தேவைப்படாது என்று நினைத்துப் போனில் பதிந்து வைத்திருந்தேன். தமிழில் கதைக்கலாமா என்று கேட்டேன், கதைத்தார்கள். எனக்கு அழுகைதான் முதலில் வந்தது. அந்தப் பக்கத்தில் இருந்தவர் அவசரப்படவில்லை. அவர் சொன்ன இரண்டு விஷயம் மனதில் நிற்கிறது.

ஒன்று, அவனிடம் நேராகக் கேள் என்றார். சாக வேண்டும் போல இருக்கிறதா என்று அந்தச் சொல்லையே சொல்லிக் கேள் என்றார். கேட்டால் இல்லாத நினைப்பை நாமே கொடுத்துவிடுவோமோ என்று பயந்தேன். அப்படி இல்லையாம். கேட்டேன். ஓம் என்று தலையாட்டினான். அதற்குப் பிறகு அவன் முகத்தில் தெரிந்த தளர்வை இப்போதும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. ஒளித்து வைத்த ஒன்றை வேறொருவர் கையில் கொடுத்த மாதிரி.

இரண்டாவது, வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டார். மாமாவின் வயலுக்கு அடிக்கிற கிருமிநாசினி எங்கள் கோடிப்பக்கத்தில்தான் இருந்தது. படுவான்கரையில் எந்த வீட்டில்தான் இல்லை? அதை அந்த இரவே மாமாவைக் கூப்பிட்டு எடுத்துப்போகச் சொன்னோம். வீட்டிலிருந்த மற்றக் குளிசைகளையும் அம்மம்மாவின் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினோம். இது சும்மா ஒரு ஆறுதலுக்குச் செய்கிற வேலை இல்லை. இலங்கையில் தற்கொலைகள் உச்சத்தில் இருந்தது 1995 அளவில். கடும் நஞ்சுள்ள பூச்சிக்கொல்லிகளைப் படிப்படியாகத் தடைசெய்த பிறகு அந்த வீதம் பாதிக்கும் கீழே இறங்கியது. அந்த ஒரு நேரத்தைத் தாண்டிவிட்டால் பலருக்கு அந்த எண்ணம் தணிந்துவிடும். கைக்கெட்டிய தூரத்தில் எதுவும் இல்லாமல் இருப்பது அந்த நேரத்தைத் தாண்ட வைக்கும். அவன் தனியே படுக்காமல் அன்றிரவு மூன்று பேரும் ஹோலில் பாய் விரித்துப் படுத்தோம்.

மாமாவுக்கு வேறொரு பயம் இருந்தது. ‘இதைப் போய்ச் சொன்னால் பொலிஸ் கேஸாகும்’ என்றார். முன்பு சட்டம் அப்படித்தான் இருந்தது. தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக்கிய பிரிவை 1998இலேயே நீக்கிவிட்டார்கள். அந்தச் செய்தி எங்கள் ஊருக்கு வந்து சேர இன்னும் பாதை கிடைக்கவில்லைபோல.

மற்ற நாள் லீவு போட்டுவிட்டுப் பாடசாலைக்குப் போனேன். ஆலோசனை வழிகாட்டலுக்கு என்று அங்கே ஒரு சேர் இருக்கிறார் என்பது தெரியும். ஆனால் அவர் பாடமெடுப்பதைத் தவிர வேறேதும் செய்து நான் கண்டதில்லை, அதனால் பெரிய நம்பிக்கையோடு போகவில்லை. அவருக்கும் பெரிதாக எதுவும் செய்யத் தெரியவில்லை, அதை அவரே சொன்னார். ஆனால் ஒரு காரியம் செய்தார். போனை எடுத்துப் பிரதேச செயலகத்தில் இருக்கிற உளவளத்துணை உத்தியோகத்தரைக் கூப்பிட்டார். “இவங்களை நான் அனுப்பல்ல, நீங்க வந்தா நல்லம்” என்றார்.

பிரதேச செயலகம், எங்கள் வாயில் டி.எஸ். ஒபிஸ், என்றால் எங்களுக்குக் காணி, சமுர்த்தி உதவி, பிறப்புச் சான்றிதழ். அங்கே கதைப்பதற்கு என்று ஓர் உத்தியோகத்தர் இருப்பதும், அதற்குக் காசு இல்லை என்பதும் எனக்கு இருபத்தாறு வயதில்தான் தெரிந்தது. அதே கட்டடத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் இருப்பார், நன்னடத்தை உத்தியோகத்தரும் வந்துபோவார். பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையின் விஷயம் என்றால் இவர்களில் யாரைப் பிடித்தாலும் மற்றவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள், சேர்க்க வேண்டும். இதற்கு முன்பு வேறோர் அலுவலகத்தில் நான் விசாரித்தபோது மேசையில் இருந்தவர், வரிசை முழுக்கக் கேட்கும்படி, “ஆருக்கு மனநோய்?” என்று கேட்டு என்னைத் திருப்பி அனுப்பியிருந்தார். ஒரு வாசலில் அப்படி ஒருவர் இருந்தால் அடுத்த வாசலிலும் அப்படித்தான் என்று நான் நினைத்துக்கொண்டதில் ஒரு மாதம் போனது.

அந்த உளவளத்துணை மிஸ் வந்தா. ஸ்கூட்டரை எங்கள் கடைப்பக்கம் நிறுத்திவிட்டு வீட்டுக்கு நடந்து வந்தா. ஏன் என்று பிறகுதான் விளங்கியது. அரசாங்க ஸ்டிக்கர் ஒட்டிய ஸ்கூட்டர் ஒரு வீட்டு வாசலில் நின்றால் அந்த வீதிக்கே காரணம் வேண்டும். தம்பியோடு முதல் நாள் அவ படிப்பைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை. கொய்யாமரத்தைப் பற்றிக் கதைத்தா. இரண்டாம் நாள் கிரிக்கெட். மூன்றாம் நாள் அவனாகச் சொல்லத் தொடங்கினான்: நித்திரை வராது, விடியச் சாமம் மூன்று மணிக்கு முழிப்பு வரும், அதுக்குப் பிறகு நெஞ்சுக்குள் கல் வைத்த மாதிரி இருக்கும், புத்தகத்தில் ஒரு வரியை ஏழு தரம் வாசிப்பான், தலைக்குள் போகாது. அவ சொன்னா, “இது கதைச்சு மட்டும் தீராது தம்பி, டொக்டரும் பார்க்கணும். நானும் கூட வாறன்.”

நானும் கூட வாறன். எனக்கு நாலு மாதமாக வேண்டியிருந்தது இந்த மூன்று சொல்தான். இடம் எது, எந்த நாள் கிளினிக், எந்தக் கதவு என்பதெல்லாம் கேட்டால் யாரும் சொல்வார்கள். அந்தக் கதவு வரைக்கும் நடக்கத்தான் கால் வராது.

குருமண்வெளிக்குப் போகிற படகைத்தான் நாங்கள் பாதை என்போம். விடியற்காலையில் அதில் ஏறி வாவியைக் கடந்து, அக்கரையில் பஸ் எடுத்து அரச ஆஸ்பத்திரிக்குப் போனோம். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது, விடுதியோடு. ஆனால் எல்லோரும் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, ஆதார வைத்தியசாலைகளிலும் குறிப்பிட்ட நாட்களில் மனநலக் கிளினிக் நடக்கும். நாளை முதலே கேட்டுக்கொண்டு போக வேண்டும், பிழையான நாளில் போய் நின்றால் திரும்பி வருவதற்குள் பிள்ளையின் மனம் மாறிவிடும். அடையாள அட்டை, பழைய மருந்துத் துண்டு இருந்தால் அது, ஒரு கொப்பி, தண்ணிப் போத்தல், ஏதாவது சாப்பாடு. வயது பதினெட்டுக்குக் குறைவு என்பதால் ஒரு பெரியவர் வேண்டும் என்றார்கள். அம்மா வெளிநாட்டில் என்பதால் அம்மம்மாவும் வந்தாள். இது முதலே தெரியாவிட்டால் ஒரு நாள் வீணாகியிருக்கும்.

நம்பர் துண்டோடு வாங்கில் இருந்தோம். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அப்போது பக்கத்து வாங்கில் சேலைத் தலைப்பால் முகத்தை மறைத்துக்கொண்டு இருந்தவ எங்கள் சொந்த மாமி! இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கண்டோம். முதலில் திகைப்பு, பிறகு மாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஆறு வருஷமா வாறன். அவருக்கும் தெரியும், உங்களுக்குத்தான் தெரியாது” என்றா. சுனாமியில் மகளைப் பறிகொடுத்தவ. கல்யாண வீட்டிலெல்லாம் முன்னுக்கு நின்று கோலம் போடுகிறவ. ‘ஊர்ச்சனம் பார்க்கும்’ என்று நாங்கள் பயந்தோமே, அந்த ஊர்ச்சனத்தில் ஒரு பகுதி அங்கே நம்பர் துண்டோடு இருந்தது.

டொக்டர் சிங்களவர். தமிழ் ஓரளவு கதைத்தார், விட்டுப்போன இடத்தை மிஸ் நிரப்பினா. இங்கே ஒரு விஷயம் கவனித்தேன். எங்கள் ஆட்கள் யாரும் ‘எனக்கு மனச்சோர்வு’ என்று சொல்வதில்லை. ‘யோசனை கூட’ என்போம், ‘உடம்பு ஏலாது’, ‘தலையிடி’, ‘சாப்பாடு பிடிக்குதில்லை’ என்போம். தம்பி “ஒண்டும் ஏலாது” என்றபோது டொக்டர் முதலில் உடம்பு வலி என்றுதான் எடுத்தார். அதற்குத்தான் மிஸ் முதல் நாளே கொப்பியில் எழுத வைத்திருந்தா: எப்போதிருந்து, எத்தனை மணிக்கு நித்திரை, எத்தனை மணிக்கு முழிப்பு, சாப்பாடு, எதை எதை விட்டான், வீட்டில் வேறு யாருக்கும் இப்படி வந்ததா. சாக வேண்டும் போல் இருந்ததை அவன் வாயால் சொல்லவில்லை, அந்த வரியைக் கையால் காட்டினான். நாங்கள் எல்லோரும் வெளியே போய், அவன் தனியே டொக்டரோடு கதைக்க நேரம் கொடுத்தார்கள். சனல் பண்ணிய இடத்தில் நான் செய்த பிழை அப்போதுதான் விளங்கியது. அவனுடைய பதிலை நான் சொல்லக்கூடாது.

ஒரே ஒரு குளிசைதான் தந்தார். இரண்டு மூன்று கிழமைக்குப் பிறகுதான் வேலை செய்யத் தொடங்கும், அதுவரை ஒன்றும் மாறவில்லை என்று விடக்கூடாது, முதல் கிழமைகளில் தனியே விடாமல் கூடுதலாகக் கவனிக்க வேண்டும், சுகமானாலும் நீங்களாக நிறுத்தக்கூடாது என்று சொல்லி அனுப்பினார். டொக்டருக்கும் காசில்லை, குளிசைக்கும் காசில்லை. அந்த வருடம் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு, அதனால் இரண்டு தரம் வெளியே ஃபாமசியில் வாங்க வேண்டி வந்தது. அவ்வளவுதான்.

நீங்களாக நிறுத்தக்கூடாது என்று சொன்னதை நாங்கள் கேட்டோமா? இல்லை. மூன்றாம் மாதம் பொடியன் நன்றாகச் சாப்பிடத் தொடங்கினான், சிரித்தான். அம்மா குவைத்திலிருந்து “இனி எதுக்கு அந்தக் குளிசை, பழகிப்போகும்” என்றா. நிறுத்தினோம். ஐந்தாம் கிழமை கதவு மறுபடியும் சாத்தியது. திரும்பவும் பாதை, திரும்பவும் வாங்கு. டொக்டர் ஏசவில்லை, ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

2023 ஜனவரி உயர்தர (ஏ.எல்.) சோதனையை அவன் எழுதவில்லை. அதற்கு வீட்டில் ஒரு செத்தவீடே நடந்தது. மிஸ்தான் அம்மாவோடு போனில் கதைத்தா: சோதனை மூன்று தரம் எழுதலாம், ஒன்று போனால் இரண்டு இருக்கு. இவ்வளவு சின்னக் கணக்கு எங்கள் ஒருவருக்கும் ஓடவில்லை.

குளிசை நித்திரையைத் தந்தது, பசியைத் தந்தது. ஆனால் பின்னேரம் நாலு மணியிலிருந்து எட்டு மணி வரைக்கும் அவன் எங்கே போவது? கூட்டாளிமார் எல்லோரும் சோதனைக்குப் படிக்கிறார்கள். கிரிக்கெட் கழகத்துக்குப் போக வெட்கம், ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். இந்த நாலு மணித்தியாலத்துக்கு எந்தக் கிளினிக்கிலும் மருந்து இல்லை.

அது தற்செயலாகத்தான் அமைந்தது. ஊரில் வடமோடிக் கூத்து ஒன்று பழகத் தொடங்கியிருந்தார்கள். கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் எங்கள் வளவுக்குப் பின்னால்தான் இருக்கிறார். அவர் ஒரு நாள் வேலிக்கு மேலால், “டேய், சல்லரி போட ஆள் இல்ல, வா” என்றார். சல்லரி என்றால் கூத்துக்குப் போடுகிற கைத்தாளம். ஏன் படிக்கப் போகவில்லை என்றோ, என்ன வருத்தம் என்றோ கேட்கவில்லை. ஆள் இல்லை, வா. அவ்வளவுதான். முதல் கிழமை போய் ஓரத்தில் இருந்தான். இரண்டாம் கிழமை சல்லரியைப் பிடித்தான். கூத்துக் களரியில் ஒரு வசதி உண்டு: ஒருவரும் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள், தாளம் பிழைத்தால் மட்டும்தான் திரும்பிப் பார்ப்பார்கள். கதைக்கத் தேவையில்லாமல் இருபது பேரோடு இருக்கலாம். மனம் நொந்த பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எனக்கு அப்போது தெரியாது. யுத்தத்தில் அடிபட்ட பிள்ளைகளுக்காக 1996இல் மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் களிமண், சித்திரம், கதை, நாடகம் என்று பிள்ளைகளை வைத்திருந்ததைப் பற்றிப் பிறகு கேள்விப்பட்டபோது, எங்கள் அண்ணாவியார் ஞாபகம்தான் வந்தது. அவர் ஒரு சிகிச்சையும் செய்யவில்லை. சல்லரிக்கு ஆள் தேடினார்.

எல்லா ஊரிலும் கூத்து இருக்காது. விளையாட்டுக் கழகம், வாசிகசாலை, கோயில் பஜனை, பள்ளிவாசல் பொடியன்மார் சேர்ந்து செய்கிற வேலை, தேவாலய இளைஞர் குழு, எதுவாகவும் இருக்கலாம். கழகத் தலைவரிடம் வருத்தத்தின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. ‘கேள்வி கேட்காமல் ஒரு வேலை கொடுங்க அண்ணா’ என்று சொன்னால் போதும், பெரும்பாலும் விளங்கிக்கொள்வார்கள்.

பெண் பிள்ளைகளுக்கு இது அவ்வளவு லேசில்லை, அதையும் சொல்ல வேண்டும். பின்னேரம் களரிக்குப் போ என்று எங்கள் ஊரில் யார் விடுவார்கள்? கல்முனைப் பக்கம் இருக்கிற என் மச்சாளின் மகளுக்கு இதே மாதிரி வந்தபோது, கல்யாணம் குழம்பும் என்று ஒரு வருடம் மூடிவைத்தார்கள். அவ கம்பஸ் பிள்ளை. பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கான உளவளத்துணைதான் முதலில் கைகொடுத்தது. அங்கிருந்து கிளினிக், அதுவும் வீட்டுக்குத் தெரியாமல்தான் தொடங்கியது. வீட்டுக்குள் அடி உதை என்று வேறு கதை இருந்தால் மட்டக்களப்பில் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் இருக்கிறது, தொலைபேசியில் 1938 இருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு 1929. கதைக்க மட்டும் ஒரு ஆள் வேண்டும் என்றால் 1333, அதற்குப் போனில் காசும் வெட்டாது. உயிருக்கு ஆபத்து என்ற நேரத்தில் இதெல்லாம் தேடிக்கொண்டிருக்காமல் 1990க்கு எடுத்து அம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும்.

அம்பாறை மாவட்டத்துக் கரையோர ஆட்களுக்கு ஒரு குழப்பம் வரும். கல்முனை, காரைதீவு, அக்கரைப்பற்று, பொத்துவில் பக்கமெல்லாம் மாவட்டம் அம்பாறை என்றாலும் சுகாதாரத்துக்குக் கல்முனையில் தனிப் பணிமனை. என்ன கிளினிக் எங்கே என்று அம்பாறை ரவுணுக்குப் போய்க் கேட்டு அலையத் தேவையில்லை. இன்னும் லேசான வழி, உங்கள் ஊர் எம்.ஓ.எச். ஒபிஸ் (சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை), இல்லாவிட்டால் வீட்டுக்கு வருகிற குடும்பநல மாது. கைக்குழந்தை நிறுக்கத்தான் அவ வருவா என்று நினைக்கிறோம். அவவிடம் கேட்டுப் பாருங்கள்.

தம்பி 2024 ஜனவரியில் சோதனை எழுதினான், கணிதத்தில் இல்லை, கலைப் பிரிவில் பெயரை மாற்றிக்கொண்டு. பெறுபேறு சுமார். குளிசையின் அளவைக் குறைத்திருக்கிறார்கள், கிளினிக் இப்போது இரண்டு மாதத்துக்கு ஒரு தரம். தனியே போய் வருவான், நான் பாதையடி வரைக்கும் போய்விட்டுத் திரும்புவேன்.

இந்த முறை கூத்தில் அவனுக்கு ஆட்டம் கொடுத்திருக்கிறார்கள், சின்ன வேஷம்தான். சட்டம் என்கிற பாட்டுப் பிரதி கொடுத்து, ஒத்திகையாக நடக்கிற கிழமைக் கூத்தெல்லாம் முடிந்து, அரங்கேற்றம் நெருங்கிவிட்டது. அரங்கேற்றம் என்றால் விடியவிடிய ஆட வேண்டும். இரவுக் குளிசையைக் குடித்தால் பதினொரு மணிக்கே கண் சொருகும், குடிக்காமல் விடவும் கூடாது. கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் அவனுடைய கையெழுத்தில் ஒரு வரி இருக்கிறது: ‘அரங்கேற்றம் அன்டைக்கு எத்தினை மணிக்குக் குடிக்கிறது, டொக்டரிட்டக் கேக்கணும்.’